சீல் போட்ட சங்கீதம்

உலக இசை வரலாற்றில் திருப்பூருக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் எங்கள் கம்பெனியின் மூன்றாவது மாடியில், அட்டைப்பெட்டி அடுக்கும் பகுதிக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவில், பதினாறுக்குப் பன்னிரண்டு அடி அளவில் இருக்கிறது. கதவில் 'இசைப் பிரிவு' என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். நான்காவது மொழியையும் சேர்க்கச் சொன்னார்கள். கதவு போதவில்லை.

அந்தப் பிரிவு உருவான வரலாற்றை எழுதிவைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நான் சண்முகவேல். வள்ளிமணாளன் நிட்வேர்ஸின் தொழிலாளர் நல அலுவலர். பதினோரு வருடமாகத் தொழிலாளர்களுக்கு நலம் செய்துவருகிறேன். இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. புகார்ப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

எல்லாம் முப்பத்தேழாம் கேள்வியில் ஆரம்பித்தது.

எங்களிடம் பனியன் வாங்கும் டென்மார்க் பையர் வருடத்துக்கு ஒருமுறை 'நல்வாழ்வு ஆய்வு' நடத்துவார். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். குழாய் எத்தனை, தீயணைப்பான் எத்தனை, ஜன்னல் எத்தனை. இதற்கெல்லாம் எங்களிடம் பதில் தயாராக இருக்கும். சில வருடங்களில் ஜன்னல் கூட இருக்கும். ஆனால் முப்பத்தேழாம் கேள்வி வேறு ரகம். 'தொழிலாளர்களின் கலைத்திறன் வளர நிறுவனம் என்ன செய்கிறது?' போன வருடம் 'ஆயுத பூஜைக்குப் பொரி வழங்குகிறோம்' என்று எழுதியிருந்தேன். பூஜ்யம் போட்டுவிட்டார்கள்.

முதலாளி ராஜவேல் என்னை அழைத்தார். கொள்முதல்காரர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் மெர்ச்சண்டைசர் பரணியும் கூட இருந்தார்.

"ஏனுங்க சண்முகவேலு, கலைன்னா என்னென்னங்க இருக்குது?"

"கோலம், ஓவியம், நாடகம், சங்கீதமுங்க."

"இதுல எதுக்குங்க மிஷினு இருக்குது?"

நான் திகைத்தேன். பரணி திகைக்கவில்லை.

"சங்கீதத்துக்கு இருக்குதுங் சார். 'நாதசிந்து'ன்னு ஒரு ஏஐ சாப்ட்வேர். நாம ஒரு மெட்டு வாசிச்சுக் காட்டுனாப் போதும். வயலினுக்குத் தனியா, ட்ரம்பெட்டுக்குத் தனியா, புல்லாங்குழலுக்குத் தனியான்னு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதுவே நோட்டேஷன் எழுதிப்போடும். பத்தொம்போது வாத்தியத்துக்குப் பத்தொம்போது ஷீட்டுங்."

"எத்தன நேரமாகுங்க?"

"நாப்பது செகண்டுங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம ஓவர்லாக் தையல் மிஷின்ல ஒரு பனியனுக்கே அதுக்கு மேல ஆகுதுங்களே," என்றார். கலை வளர்ச்சித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

'வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெயர் தரவும்' என்று அறிவிப்பு ஒட்டினேன். ஆயிரத்து நானூறு பேரில் மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் அதை ஓவர்டைம் என்று நினைத்துவிட்டார்கள். அதுவும் முற்றிலும் தவறு என்று சொல்ல முடியாது.

முதலாவது, தையல் பிரிவு அனிதா. நாசரேத் பக்கம். சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர், நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர். இரண்டாவது, கட்டிங் பிரிவு ரமேஷ் நாயக். ஒடிசா. தோலக். எதைக் கேட்டாலும், ஆகிவிடும் என்று இந்தியில், "ஹோ ஜாயேகா சார்" என்பார். மூன்றாவது, அயர்ன் பிரிவு இசக்கிமுத்து. நாதஸ்வரம். இவர் பெயர் கொடுக்க வரும்போதே கையில் ஒரு தாள் வைத்திருந்தார். விடுப்பு விண்ணப்பம்.

"எங்க ஊரு உடன்குடிப் பக்கம் சார். ரெண்டு மாசத்துல முத்தாரம்மன் கோயில் கொடை. எந்தம்பி செட்டுல ரெண்டு நாதஸ்வரம். ஒண்ணு அவன், ஒண்ணு நான். போன வருசம் ஷிப்மெண்டுன்னு விடல. அதுக்கு முந்துன வருசமும் விடல. இந்த வருசமும் ஒத்தக் குழலோட வந்து நின்னா செட்டையே மாத்திருவோம்னு கமிட்டில சொல்லிட்டாவ. எங்க அப்பா காலத்துல இருந்து எங்களுக்குள்ள கோயில் சார் அது. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் நாலு நாள் வேணும்."

எங்கள் படிவத்தில் விடுப்புக்கு மூன்று காரணங்கள்தாம் உண்டு: நோய், திருமணம், மரணம். கொடை என்னும் கோயில் திருவிழா இதில் எதிலும் வரவில்லை. முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் தாராள மனம் கொண்டவர்.

"அதுக்கென்னுங்க. மொதல்ல மிஷினுக்கு வாசிச்சுக் குடுக்கட்டும். மிஷினு எழுதி முடிச்சுட்டா அப்பறம் இவரு எதுக்குங்க? சந்தோசமாப் போயிட்டு வரட்டும்."

செய்தியைச் சொன்னேன். இசக்கிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"எழுதிக் குடுப்பியளா சார்?"

"கம்பெனி வாக்கு," என்றேன். எழுதிக் கொடுக்கவில்லை. எழுதுவதற்குத்தான் மென்பொருள் வாங்கியாகிவிட்டதே.

செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. மீட்டிங் அறை. பரணி லேப்டாப்பைத் திறந்தார். இசக்கிமுத்து குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். நாதஸ்வரத்தின் சீவாளியை உதட்டில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியம்னு கேக்குதுங் சார்," என்றார் பரணி.

பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்கள் இருந்தன. ஸ்காட்லாந்துக்காரர்கள் அக்குளில் வைத்து ஊதும் பை இருந்தது. மலைமேல் மாடு மேய்ப்பவர்கள் ஊதும் பதினோரு அடிக் கொம்பு இருந்தது. தண்ணீர் ஊற்றித் தட்டும் கண்ணாடி டம்ளர் இருந்தது. நாதஸ்வரம் இல்லை.

"கிட்டத்துல எது இருக்குதோ அதைப் போடுங்க," என்றார் முதலாளி. "கேட்ட மஞ்சள் கெடைக்காட்டி பக்கத்து மஞ்சளப் போட்டு அனுப்பறதில்லீங்களா?"

ஓபோ என்று ஒரு மேல்நாட்டுக் குழல் கிட்டத்தில் இருந்தது. காலை பத்து பன்னிரண்டுக்கு இசக்கிமுத்து ஓபோ வித்வான் ஆனார்.

பதினோரு நிமிடம் வாசித்தார். அந்தப் பதினோரு நிமிடத்தில் நடந்த ஒழுங்கீனங்களையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கீழே அயர்ன் பிரிவில் இஸ்திரிப்பெட்டிகள் நின்றுவிட்டன. செக்கிங் பெண்கள் படிக்கட்டு வரை வந்துவிட்டார்கள். கேண்டீன்காரர் பாலைப் பொங்கவிட்டார். எனக்கே நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அசிடிட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

நாதசிந்து நெஞ்சில்லாத பிறவி. அது வேலையைப் பார்த்தது. திரையில் எழுத்துகள் வந்தன: 'சுருதி நடுக்கம் கண்டறியப்பட்டது. 412 இடங்கள். சரிசெய்யலாமா?'

"நானூத்திப் பன்னண்டு டிபெக்டுங்களா?" முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "ஒரே பீஸுலயா?"

"அது நடுக்கம் இல்ல மொதலாளி," என்றார் இசக்கிமுத்து. "அதுதான் தோடி. அத எடுத்துட்டா அங்க ஒண்ணும் மிஞ்சாது."

"மிஷினுக்கு உங்க மேல என்னங்க கோவம்? அது பொய் சொல்லாதுங்க."

பரணி 'ஆம்' என்பதை அழுத்தினார். நாற்பது செகண்ட். பத்தொன்பது வாத்தியங்களுக்கு அறுபத்துநான்கு பக்க நோட்டேஷன் பிரிண்டரிலிருந்து வழிந்தது. எங்களிடம் இருந்தவை மூன்று வாத்தியங்கள். மீதிப் பதினாறும் 'எதிர்கால விரிவாக்கம்' என்று கோப்பில் எழுதிக்கொண்டேன்.

பிறகு, எழுதியதை அதுவே வாசித்துக் காட்டியது. பெரிய ஆஸ்பத்திரிகளில் லிஃப்ட் கதவு திறக்கும்போது வருமே, அப்படி ஒரு சுத்தம். நூல் வெட்டி, அயர்ன் செய்து, மடித்து வைத்த சங்கீதம்.

"இது யாரு சார் வாசிச்சது?" என்றார் இசக்கிமுத்து.

"நீங்கதான்."

சீவாளியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குழலை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார். "சரி சார். எழுதி முடிச்சாச்சுல்லா? அந்த லீவு?"

நியாயமான கேள்விதான். ஆனால் முதலாளி அனுபவசாலி. "பையர் அப்ரூவல் வராம இந்த ஊர்ல எதையும் முடிஞ்சுதுன்னு சொல்லப்படாதுங்க," என்றார்.

இசை டென்மார்க்குக்குப் போனது. தனியாக அல்ல. பாடல் அடங்கிய பென்டிரைவ், அறுபத்துநான்கு பக்க நோட்டேஷன், மூன்று கலைஞர்களும் வாத்தியத்தோடு நிற்கும் புகைப்படம், எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் போட்டு, ஸ்டைல் நம்பர் ஒட்டி, வழக்கமான பனியன் சாம்பிள்களோடு கூரியரில் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் கமெண்ட் வந்தது.

'நீளம் அதிகம், குறைக்கவும். நடுப்பகுதியில் சுருக்கம் தெரிகிறது, நீவவும். கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்த்தவும். ஐந்து சைஸில் அனுப்பவும்.'

அனிதா படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "சார், இது ஏதோ டி-ஷர்ட்டுக்கு எழுதினது சார். பையை மாத்திப் பாத்திருப்பாங்க."

"கண்ணு," என்றார் முதலாளி. "பையர் கமெண்டு போட்டா செஞ்சு அனுப்போணும். எதுக்குன்னு கேட்டவங்க யாரும் இந்த ஊர்ல கம்பெனி நடத்தலீங்க."

நாதசிந்து எதுக்கு என்று கேட்கவில்லை. ஸ்மால் முப்பது செகண்ட், மீடியம் நாற்பத்தைந்து செகண்ட் என்று ஆரம்பித்து டபுள் எக்ஸெல் ஐந்து நிமிடம் வரை, ஐந்து சைஸில் எழுதிக் கொடுத்தது. கழுத்தைத் தளர்த்த, பாட்டின் ஆரம்பத்தில் ஓர் இடைவெளி விட்டது. முதலாளிக்கு மீடியம் பிடித்திருந்தது. "இதுதானுங்க நல்லாப் போகும்," என்றார்.

ஐந்தையும் அனுப்பினோம். பையர் கையெழுத்திட்டுச் சீல் போட்டு அனுப்பிவிட்டார்.

சீல்டு சாம்பிள் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பையர் ஒரு பனியனைப் பார்த்து, இதுதான் என்று சீல் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு சாமியே இறங்கி வந்தாலும் அதில் ஒரு பட்டனை மாற்ற முடியாது. சாம்பிளில் ஒரு தையல் கோணலாக இருந்தால், லட்சம் பனியனிலும் அதே கோணல், அதே இடத்தில் இருக்க வேண்டும். நேராகத் தைத்தவருக்கு வேலை போய்விடும்.

இப்போது சங்கீதத்துக்கும் சீல் விழுந்துவிட்டது. இனி இசக்கிமுத்து, 'இசக்கிமுத்து' மாதிரி வாசிக்க வேண்டும்.

ஒத்திகை ஆரம்பமானது. தரக் கட்டுப்பாட்டுக்கு, எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் மயிலாத்தாளை நியமித்தேன். இருபது வருட அனுபவம். ஒரு பனியனைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் ஏழு குறை கண்டுபிடிப்பவர். நோட்டேஷன் தாள்களைத் தையல் லைனில் மாட்டுவது போல் கிளிப் போட்டு வரிசையாக மாட்டியிருந்தோம். மயிலாத்தாள் உற்றுப் பார்த்தார்.

"ஏனுங் சார், காகிதம் பூராம் கறையா இருக்குதுங்களே. கறை எடுக்கற ஸ்ப்ரே கன்னைக் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

"கறை இல்லீங்க அம்மணி. அதுதான் சங்கீதம்."

"அப்புடீங்களா. அஞ்சு கோடு போட்டும் ஒண்ணு கூட கோட்டு மேல நேரா உக்காரலீங்களே."

முறை எளிமையானது. இசக்கிமுத்து வாசிப்பார். டேப்லெட்டில் நாதசிந்து கேட்கும். சீல்டு சாம்பிளோடு எங்கே மாறுகிறதோ அங்கே திரையில் சிவப்பு விழும். உடனே மயிலாத்தாள், பனியனில் ஓட்டை இருந்தால் ஒட்டும் அந்தச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து நாதஸ்வரத்தில் ஒட்டுவார். மீடியம் சைஸ், நாற்பத்தைந்து செகண்ட். முதல் நாள் முப்பத்தொரு ஸ்டிக்கர். இரண்டாம் வாரம் நாற்பது. குழல் அம்மை போட்டது போல ஆகிவிட்டது.

"கெட்டுக்கிட்டே போவுதே இசக்கிமுத்து," என்றேன்.

"வாசிக்க வாசிக்கக் கை தன்னால தோடிக்குப் போயிருது சார். நான் என்ன செய்ய?"

மயிலாத்தாள் என்னைத் தனியே அழைத்தார். "காதுக்கு இவரு வாசிக்கறதுதானுங்க நல்லா இருக்குது. ஆனா சாம்பிளோட சேரலீங்களே. நல்லா இருக்குதுங்கறதுக்கு எங்ககிட்ட ஸ்டிக்கர் இல்லீங்க."

சிக்கலின் வேரைக் கண்டுபிடித்தவர் அனிதா. ஓபோ ஷீட்டை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"சார், இந்த ஷீட்டுல மூச்சு விடவே இடம் கிடையாது சார். முப்பது செகண்டு ஒரே இழுப்பு. மனுஷன் வாசிக்க முடியாது. வாசிச்சா மயக்கம் போட்டு விழுந்திருவாங்க."

"அப்ப யாருங்க வாசிப்பாங்க?" என்றார் முதலாளி.

எல்லோரும் ஒரே நேரத்தில் லேப்டாப்பைப் பார்த்தோம்.

அப்படியாக, ஆய்வு நாளன்று நாதசிந்துவே ஸ்பீக்கரில் வாசிப்பது என்றும், கலைஞர்கள் மூவரும் வாத்தியங்களைக் கையில் 'ஏந்தி' விரல்களை அசைப்பது என்றும் முடிவானது. தரம் நூறு சதவீதம். ஸ்டிக்கர் பூஜ்யம். ரமேஷ் நாயக் தோலக்கைத் தொடாமல் தட்டிப் பார்த்துவிட்டு "ஹோ ஜாயேகா சார்" என்றார்.

இசக்கிமுத்து ஒரு அடி முன்னே வந்தார். "அப்ப நான் எதுக்கு மொதலாளி? ஊதுறது மிஷினு. யாராச்சும் ஒருத்தர் குழலப் புடிச்சுட்டு நிக்கட்டும். நான் ஊருக்குப் போறேன்."

"சாம்பிளோட போன போட்டோவுல உங்க மூஞ்சி இருக்குதுங்களே. மூஞ்சி மாறுனா பையரு என்னங்க நெனைப்பாங்க?"

"சரி. ஆய்வு வெள்ளிக்கெழம. கொடை அதே வாரம். திங்கக்கெழம போனா வியாழக்கெழம பஸ் ஏறி வெள்ளி காலம்பற இங்க நிப்பேன். என் மூஞ்சியையும் கொண்டாந்துருவேன்."

முதலாளி யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "அப்புடீன்னா பண்ணிப்போடலாமுங்க," என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து பரணியின் லேப்டாப் 'டிங்' என்றது.

நாதசிந்துவிடமிருந்து மின்னஞ்சல். 'பராமரிப்புப் பணிகளுக்காக, வரும் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள் எங்கள் சேவை கிடைக்காது. வெள்ளி காலை வழக்கம்போல் இயங்கும்.'

முதலாளியின் முகம் கனிந்தது.

"பாவமுங்க. ரெண்டு மாசமா ராத்திரி பகல் பாக்காம ஒழைச்சிருக்குது. ஒரு நாளு மூஞ்சியத் தூக்கல. ஒரு டீ கேக்கல. நாலு நாள் ஓய்வு எடுக்கட்டும். சண்முகவேலு, பதில் போட்டுருங்க."

'அனுமதிக்கப்படுகிறது' என்று பதில் அனுப்பினேன். அந்த மின்னஞ்சல் அனுமதி கேட்டு வந்ததல்ல, தகவலாக வந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் கம்பெனியில் கேட்காமலே விடுப்புக் கிடைத்த முதல் நிகழ்வு அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடு இசக்கிமுத்துவின் விண்ணப்பத்தைப் புரட்டியபோதுதான் விதிமுறை பதினான்கு கண்ணில் பட்டது. 'ஒரே பிரிவில் ஒரே நேரத்தில் இருவருக்கு விடுப்பு இல்லை.' இசைப் பிரிவுப் பதிவேட்டைத் திறந்தேன். ஆய்வில் எண்ணிக்கை அதிகமாகத் தெரியட்டும் என்று நான்கு பேர் எழுதியிருந்தேன். நான்காவது பெயர், நாதசிந்து.

"ஒரே செக்‌ஷன்ல ரெண்டு பேரு போக முடியாது, இசக்கிமுத்து. ஏற்கெனவே ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு."

"யாருக்கு சார்?"

"நாதசிந்துவுக்கு."

அவர் என்னையே பார்த்தார். "அது கம்ப்யூட்டர்லா சார்?"

"பதிவேட்டில் பேர் இருக்கு."

"அதுக்கு எந்த ஊர்ல சார் கொடை?"

நான் பேனாவை மூடினேன்.

"நான் போறேன் சார்," என்றார் இசக்கிமுத்து. குரல் உயரவில்லை. "வெள்ளிக்கெழம வந்துருவேன். சொல்லாமப் போயிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. ஒங்ககிட்டச் சொல்லிட்டுதான் போறேன்."

அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். நானே சாட்சி.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'தகவல் இன்றி வரவில்லை' என்று எழுதினேன். படிவத்தில் அந்த வாசகம்தான் அச்சாகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை விளக்கம் கேட்டு நோட்டீஸ். அவருடைய ஹாஸ்டல் அறைக் கதவில் ஒட்டினோம். விளக்கம் சொல்ல அறையில் யாரும் இல்லை. புதன்கிழமை நினைவூட்டல். வியாழக்கிழமை பணிநீக்க உத்தரவு. மற்ற கம்பெனிகளில் மாதக்கணக்கில் இழுக்கும் நடைமுறையை மூன்றே நாளில் முடித்திருக்கிறோம்.

"அவசரமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். கேட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

"நாளைக்கு ஆய்வுங்க," என்றார் முதலாளி. "பேப்பரு சுத்தமா இருக்கோணும்."

உத்தரவை உள்ளே, நேரம் பதியும் மிஷினுக்கு மேலே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். சம்பந்தப்பட்டவர் வந்ததும் படித்துக்கொள்ள வசதியாக.

வெள்ளிக்கிழமை. பதினொன்று ஐந்து. டென்மார்க்கிலிருந்து ஆய்வாளர் அம்மையார் இசைப் பிரிவுக்குள் நுழைந்தார். நல்ல உயரம், காட்டன் புடவை, கழுத்தில் நாங்கள் போட்ட சந்தன மாலை. நான் மொழிபெயர்ப்பாளர். பரணி பொத்தானை அழுத்தினார்.

மீடியம் சைஸ் ஒலித்தது. அனிதாவின் விரல்கள் கீபோர்டுக்கு அரை அங்குலம் மேலே ஓடின. ரமேஷ் நாயக் காற்றைத் தட்டினார். 'ஓபோ' என்று அட்டை வைத்த நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலியிலிருந்து ஓபோ இடைவிடாமல், மூச்சுவிடாமல் பொழிந்தது.

அம்மையார் அந்த நாற்காலியைப் பார்த்தார். "அந்தக் கலைஞர் எங்கே?"

முதலாளி என்னைப் பார்த்தார். கடமை என்று வந்துவிட்டால் நான் பொய் சொல்வதில்லை.

"அவர் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்."

அம்மையாரின் நீலக் கண்கள் விரிந்தன. "ஆய்வு நாளன்றா? முதன்மைக் கலைஞரையா அனுப்பினீர்கள்?"

"அவருக்கு அந்தக் கோயில் முக்கியம்."

"எத்தனை நாள் விடுப்பு?"

"முடிவுத் தேதி எதுவும் போடவில்லை."

இதிலும் ஒரு சொல் பொய் கிடையாது. அம்மையார் பேனாவை எடுத்து வேகமாக எழுதினார். எழுதும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பின்னால் அனிதா கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இசை நிற்கவில்லை.

பன்னிரண்டு நாற்பது. அம்மையாரின் கார் கேட்டைத் தாண்டும்போது ஓரமாக ஒருவர் நின்றிருந்தார். தோளில் பை. கையில் உறை போட்ட குழல். சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர் காய்ந்த தடம். முன்சீட்டில் இருந்த என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"சார், சொன்ன மாதிரி வெள்ளிக்கெழம வந்துட்டேன் பாத்தியளா. காலம்பற ஆறு மணிக்கே வந்துட்டேன். செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்காரு. என்னமோ போர்டுல ஒட்டியிருக்காம். என்னன்னு கேட்டா, உள்ள போயிப் படிச்சுக்கோங்காரு."

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. அம்மையார் தன் கோப்பிலிருந்த புகைப்படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர்தானே அவர்? திருவிழா எப்படி நடந்தது என்று கேளுங்கள்."

"கொடை எப்படி நடந்துச்சு இசக்கிமுத்து?"

அவர் முகம் விரிந்தது. "ரொம்ப நல்லா நடந்துச்சு சார். ரெண்டு குழலும் சேந்து நின்னு வாசிச்சோம். அடுத்த வருசத்துக்கும் எங்க செட்டுக்கே வெத்தல பாக்கு குடுத்துட்டாவ. ஷிப்டு ஆரம்பிச்சு இம்புட்டு நேரம் ஆவுது, என்னைய உள்ள விடச் சொல்லுங்க சார்."

முதல் மூன்று வாக்கியங்களையும் அப்படியே மொழிபெயர்த்தேன். நான்காவது வாக்கியம் உள் நிர்வாகம் சம்பந்தப்பட்டது.

அம்மையார் கையை வெளியே நீட்டி அவர் கையைக் குலுக்கினார். கார் நகர்ந்தது. இசக்கிமுத்து இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. முப்பத்தேழாம் கேள்விக்கு முழு மதிப்பெண். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு சிறப்புக் குறிப்பு: 'இந்த நிறுவனத்தில் ஒரு தொழிலாளி தன் ஊர்த் திருவிழாவுக்குப் போகவும், விரும்பும் வரை அங்கே இருக்கவும் முடிகிறது. மற்ற நிறுவனங்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.' நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட ஓர் இடம் விட்டிருந்தார்கள். போட்டேன்.

"எல்லாரும் பாக்கற எடத்துல ஒட்டுங்க," என்றார் முதலாளி.

அறிவிப்புப் பலகையில் இடமே இல்லை. தீபாவளி லீவுப் பட்டியல், கேண்டீன் விலை, தீயணைப்பு வழி எல்லாம் அவசியமானவை. எடுக்க முடியாது. யாரும் படிக்க வராத தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மேலேயே பசை தடவி அறிக்கையை ஒட்டினேன். இரண்டும் ஒரே அளவுத் தாள், ஓரம் கூட வெளியே தெரியவில்லை. இசக்கிமுத்துவை அனுப்பிய உத்தரவிலும், அனுப்பியதற்காக எங்களைப் பாராட்டும் அறிக்கையிலும், கையெழுத்து ஒன்றுதான்: சண்முகவேல், தொழிலாளர் நல அலுவலர்.